எடுத்த எடுப்பில் வெட்டும் கத்தரி

கட்டிங் மாஸ்டருக்கு வீட்டில் என்ன மதிப்பு என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம். காலையில் அவர் எந்தச் சட்டையைப் போட வேண்டும் என்பதை மனைவி முடிவு செய்வாள். பட்டறையில் எந்தத் துணியை முதலில் வெட்ட வேண்டும் என்பதை மச்சான் முடிவு செய்வார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் சீருடை தைத்துக் கொடுக்கும் பட்டறையின் முதலாளி. "நீங்க சும்மா இருங்க மாப்ளே, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது மச்சான் சொல்லாவிட்டால் அங்கே மெஷின் ஓடாது. இருபத்திரண்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவருக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மாஸ்டரும் கேட்டுக்கொண்டார்.

ஆனால் மனுஷனுக்கு இன்னொரு ஊர் இருந்தது. அது அவருடைய செல்போனுக்குள் இருந்தது.

'இடக்கைக் கூடம்' என்று அதற்குப் பெயர். இடது கையால் எல்லாம் செய்கிறவர்களுக்கான குழு. நாலாயிரத்துச் சொச்சம் பேர். கம்பிச் சுருள் கையில் குத்தாத நோட்டு எங்கே கிடைக்கும், எந்தப் பேனாவின் மை உள்ளங்கையில் ஈஷாது, டின் திறப்பானை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தான் என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடும். கண்டுபிடித்தவனுக்குக் கிடைக்கும் வசவுகளை இங்கே எழுத முடியாது. அந்தக் கூடத்தில் மாஸ்டர் ஒரு பெரிய மனுஷர். ஒரு இஞ்சு டேப் நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதினால் அந்த வாரமே அந்த டேப் கடைகளில் தீர்ந்துபோகும். சரியில்லை என்று எழுதினால் அதோடு அதற்கு மங்களம்.

வீட்டில் செல்லாக்காசு, கூடத்தில் நீதிபதி. எத்தனையோ பேர் வாழ்க்கை இப்படித்தான் நடக்கிறது.

அந்தக் கூடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளைப் பற்றி எழுதினாலும் முதல் வரியில் 'சொந்தக் காசு', 'இனாம்', 'இரவல்' இந்த மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். போடாவிட்டால் 'கறார்' என்ற பெயரில் எழுதும் ஆள் சும்மா விடமாட்டார். கறார் ஒரு பேங்க் கேஷியர் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். கூடத்தில் யார் தும்மினாலும் எதற்காகத் தும்மினாய் என்று கேட்கிற பிறவி.

இந்த நிலைமையில்தான் மாஸ்டர் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது.

"ஏங்க, உங்களுக்குப் பார்சலாம்" என்றாள் மனைவி, உங்களுக்கு விமானமாம் என்பது போல. மாஸ்டர் பிரிப்பதற்குள் அவளே பிரித்துவிட்டாள். உள்ளே இரண்டு கத்தரிக்கோல்கள், கையால் எழுதிய ஒரு கடிதம்.

எழுதியவள் இணையத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பெண். இடக்கைக்காரர்களுக்கான சாமான்கள் மட்டும் விற்கிற கடை. அக்கா இடக்கைக்காரியாம், அக்கா பட்ட பாட்டைப் பார்த்துத் தொடங்கினாளாம். தான் வலக்கைக்காரி என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். விளம்பரம் போட்டுப் பார்த்திருக்கிறாள். அது யார் யார் கண்ணிலோ பட்டதே தவிர, இடக்கைக்காரர் ஒருவர் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. ஐந்து மாதம் கூடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, யார் சொன்னால் எல்லாரும் கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறாள். கடிதத்தின் கடைசி வரி இது: 'ஒன்று வெட்டிப் பார்க்க, ஒன்று கழற்றிப் பார்க்க. நன்றாக இருந்தால் எழுதுங்கள் மாஸ்டர். இல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள்.'

"ஐஸ் வைக்கிறா" என்றாள் மனைவி.

"கழற்றிப் பார்க்கன்னு ஒண்ணு தனியா அனுப்பியிருக்கா பாரு."

"ஆமா, ரெண்டு கட்டி ஐஸ்."

மாஸ்டர் திருப்புளியைத் தேடப் போனார். கழற்றிப் பார்க்கச் சொன்ன அந்த ஒரு சொல்லில் ஆள் விழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் ஒரு பொருளைக் கொடுத்து, நீங்களே பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றதில்லை.

திருகாணியைக் கழற்றினார். பிளேடு வலக்கைக் கத்தரிக்கு நேர்மாறாக, இடது பிளேடு மேலே வருமாறு உண்மையாகவே செய்யப்பட்டிருந்தது. சந்தையில் 'இடக்கை' என்று விற்கிற முக்கால்வாசிக் கத்தரியில் கைப்பிடியை மட்டும்தான் மாற்றியிருப்பார்கள். பிளேடு பழையபடியே இருக்கும். இது அப்படி இல்லை. மூன்று வாரம் பட்டறையில் அதை வைத்து ஆஸ்பத்திரிச் சட்டை, ஓட்டல் ஏப்ரன், காலர் கான்வாஸ் எல்லாம் வெட்டினார். பிறகு கூடத்தில் எழுதினார். முதல் வரி 'இனாம்'. அதற்குப் பிறகு பிளேடு, திருகாணி, எடை என்று விவரம். கடைசியில் ஒரு வரி: 'கையில் எடுத்த எடுப்பிலேயே வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வெட்டும்.'

அந்தக் கடைசி வரிதான் வினை.

நாலு நாளில் கடைக்காரப் பெண் போன் செய்தாள். குரல் தரையில் நிற்கவில்லை.

"மாஸ்டர், முந்நூறு கத்தரி போயிடுச்சு! வீட்ல கட்டில் மேல கட்டில் கீழ எல்லாம் அட்டைப்பெட்டி. எங்க அக்கா வந்து பேக்கிங் பண்ணித் தர்றாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"எனக்கு எதுக்கும்மா நன்றி? கத்தரி நல்லா இருந்துச்சு, சொன்னேன்."

போனை வைத்தவர் சாப்பிடும்போது பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "முந்நூறு பேர், நான் சொன்னேன்னு வாங்கியிருக்காங்க."

"நான் சொல்லி நீங்க ஒரு கிலோ வெங்காயம் ஒழுங்கா வாங்கிட்டு வந்ததில்லை" என்றாள் மனைவி. ஆனாலும் அன்று மாலையே அடுத்த வீட்டில் போய், "எங்க வீட்டுக்காரர் சொன்னா முந்நூறு பேர் கேட்பாங்க" என்று அளந்துவிட்டு வந்தாள். அவளை மட்டும் சொல்வானேன். நாமாக இருந்தாலும் போய்ச் சொல்லியிருப்போம்.

பார்சல்கள் போய்ச் சேரத் தொடங்கியதும் கூடம் குதூகலமாகும் என்று மாஸ்டர் காத்திருந்தார். முதலில் ஒருத்தி எழுதினாள்: 'எனக்கு மட்டும்தானா, காகிதம் வெட்டாமல் மடங்குகிறது?' அடுத்து ஒரு பள்ளிக்கூட டீச்சர்: 'எனக்கும்.' அடுத்து ஒரு பூக்கடைக்காரர்: 'ரிப்பனை மென்று துப்புகிறது.' சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் வரிசை கட்டிவிட்டார்கள். கடைசியாகக் கறார் வந்தார். அவர் வராமல் ஒரு பந்தி முடியுமா?

'முதல் வரியில் இனாம் என்று போட்டிருந்தார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இனாம் என்பது கத்தரி மட்டும்தானா, கூட வேறு ஏதாவது உண்டா? எடுத்த எடுப்பிலேயே வெட்டும் என்றாரே, என் வீட்டில் எடுத்த எடுப்பிலேயே அது பேப்பரை மடித்து வைக்கிறது. கமிஷன் மாஸ்டர் பதில் சொல்வாரா?'

கமிஷன் மாஸ்டர். ஒரு நாளைக்குள் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மாஸ்டர் தன் கத்தரியை எடுத்து வெட்டிப் பார்த்தார். வெண்ணெய். கழற்றி வைத்திருந்த இன்னொன்றையும் மாட்டி வெட்டிப் பார்த்தார். அதுவும் வெண்ணெய். கடைக்காரப் பெண் தன்னிடம் நல்ல சரக்கை அனுப்பிவிட்டு ஊருக்கெல்லாம் மட்டமானதை அனுப்பிவிட்டாளோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போன் செய்தார்.

"எல்லாம் ஒரே பெட்டிங்க மாஸ்டர்" என்றாள் அவள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "திரும்ப அனுப்பறேன்னு எழுதிக்கிட்டே இருக்காங்க. இது நிக்கலைன்னா நான் பழையபடி கால் சென்டர்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, உங்களுக்கு எப்படி உதவலாம்னு எவனையாவது கேட்டுக்கிட்டு உட்கார வேண்டியதுதான். அதைக்கூட விடுங்க. உங்க பேரை நான் கெடுத்துட்டேனே."

பேரைக் கெடுத்துவிட்டேனே என்றதும் மாஸ்டருக்குக் கோபம் போய்விட்டது. அவருக்கென்று இருந்ததே அந்த ஒரு பேர்தான். வீட்டில் இல்லை, பட்டறையில் இல்லை, முகம் பார்க்காத நாலாயிரம் பேரிடம் மட்டும் இருந்தது. இப்போது அங்கேயும் காலி.

அன்று சாப்பாட்டில் மனைவி கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம், பட்டறையில் மெஷின்கள் சாப்பாட்டு நேரத்துக்கு ஓய்ந்திருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் நான்கு பேனா, முகத்தில் உலகத்தின் மேல் ஒரு பொதுப் புகார். கையில் அதே கத்தரி.

"மாஸ்டர் யாரு?"

"நான்தான்."

"கறார்" என்றார் வந்தவர், போலீஸ் என்று சொல்வதுபோல. "விலாசம் விசாரிச்சு, லீவு போட்டுட்டு வந்திருக்கேன். எழுத்துல எல்லாரும் யோக்கியன்தான். நேர்ல பார்த்துடலாம்னு வந்தேன். இந்தாங்க கத்தரி. வெட்டிக் காட்டுங்க."

மாஸ்டர் மேசையில் கிடந்த, சட்டை அளவு வரையும் பேட்டர்ன் காகிதத்தை இழுத்து அவர் கத்தரியாலேயே வெட்டினார். காகிதம் சத்தம்கூடப் போடாமல் இரண்டாகப் பிரிந்தது.

கறார் கத்தரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானும் வெட்டினார். காகிதம் மடங்கி பிளேடுகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது.

"பார்த்தீங்களா? உங்க கையில பாம்பு மாதிரி ஓடுது, என் கையில எருமை மாதிரி படுத்துக்குது. என்ன, மந்திரம் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"இன்னொரு தடவை வெட்டுங்க சார்."

இந்தத் தடவை மாஸ்டர் காகிதத்தைப் பார்க்கவில்லை, கறாரின் கையைப் பார்த்தார். கட்டை விரல் உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. மற்ற விரல்கள் வெளியே தள்ளின. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து பிளேடுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. சுவர் மேல் ஏறி அடுத்த வீட்டைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

மாஸ்டர் எழுந்து போய், தையல்காரப் பெண்கள் நூல் வெட்ட வைத்திருக்கும் சாதாரண வலக்கைக் கத்தரி ஒன்றை எடுத்து வந்தார். "இதால வெட்டுங்க."

கறார் அதை இடது கையில் வாங்கி அதே மாதிரி கட்டை விரலை இழுத்து வெட்டினார். காகிதம் நேர்கோடாக வெட்டுப்பட்டது.

மாஸ்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். வலக்கைக் கத்தரியை இடது கையில் பிடித்து சும்மா அழுத்தினால் பிளேடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அதைச் சேர்த்து வைக்க, கட்டை விரலை உள்ளே இழுத்து, மற்ற விரலை வெளியே தள்ளி ஒரு கோணல் வித்தை செய்ய வேண்டும். நாலாயிரம் பேரும் ஒன்றாம் வகுப்பிலேயே யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டவர்கள். உண்மையான இடக்கைக் கத்தரியில் அதே வித்தையைச் செய்தால் பிளேடு விலகும், காகிதம் மடங்கும். கடைக்காரப் பெண்ணுக்கு இது தெரியாது, அவள் வலக்கைக்காரி. மாஸ்டருக்கும் தெரியாது. தொழிலுக்கு வந்த முதல் வருஷமே, வேலையை விட்டுப் போன ஒரு இடக்கை மாஸ்டரின் கத்தரி அவருக்குக் கிடைத்துவிட்டது. அதிலேயே கை ஊறிப்போனவர். மற்றவர்கள் கை எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"சார், கையை லூசா விடுங்க. கட்டை விரலை உள்ளே இழுக்காதீங்க."

"நான் எங்கே இழுக்கறேன்? அதுவா போகுது."

சொல்லச் சொல்ல இன்னும் இறுகியது. மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "உங்க மேனேஜர் எப்படி சார்?"

"யாரு, அவனா?" கறார் முகத்தில் ஒரு ஒளி வந்தது. "அவனை மாதிரி ஒரு ஆளை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. காலையில பத்து மணிக்கு வருவான். வந்ததும் கேபின் கதவைச் சாத்திக்கிட்டு..."

"வெட்டிக்கிட்டே சொல்லுங்க."

"கதவைச் சாத்திக்கிட்டு செல்போன்ல சீட்டு விளையாடுவான். கேட்டா ரிப்போர்ட் பார்க்கறேன்பான். ஒருநாள் நான் நேரா உள்ளே போயி..."

மேனேஜரைத் திட்டுகிற மும்முரத்தில் கட்டை விரல் தன் வேலையை மறந்தது. காகிதம் மேசையின் ஒரு முனையிலிருந்து அடுத்த முனை வரை நேராகப் பிரிந்து தரையில் விழுந்தது.

கறார் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். குனிந்து எடுத்து அதன் ஓரத்தைத் தடவினார்.

"அப்போ," என்றார் மெதுவாக, "இத்தனை வருஷமா என் கைதான் தப்பா?"

அந்தக் கேள்வி மாஸ்டருக்கு எங்கேயோ போய்த் தைத்தது. இடக்கைக்காரர் எவரும் அந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்ததில்லை. கை தப்பு, மாத்து. ஸ்கேலால் அடித்துச் சொன்னவர்கள் உண்டு, செல்லமாகச் சொன்னவர்கள் உண்டு. அந்த வார்த்தையிலிருந்து தப்பித்துத்தான் நாலாயிரம் பேரும் கூடத்துக்கு ஓடி வந்திருக்கிறார்கள். இப்போது தானே அதை எழுதினால்?

"உங்க கை தப்பு இல்லை சார். கோணல் கத்தரியையே நேரா வெட்ட வெச்ச கை. தப்பு என் எழுத்துலதான்."

கறார் கிளம்பிவிட்டார். கத்தரியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

கடைக்காரப் பெண்ணிடம் சொன்னபோது அவள் துள்ளிக் குதித்தாள். "மாஸ்டர்! இவ்வளவுதானா? இப்பவே 'நீங்கள் பிடிக்கும் முறை தவறு'ன்னு பெரிசா ஒரு படம் போட்டு, சரியான முறைன்னு பக்கத்துல ஒண்ணு போட்டு..."

"அம்மா, அந்தத் தவறுங்கற வார்த்தையை அவங்க கைகிட்ட மட்டும் கொண்டு போயிடாதீங்க."

"அப்போ எப்படிச் சொல்றது? கத்தரி மேல குத்தமும் இல்லை, அவங்க மேல குத்தமும் இல்லைன்னா, யார் மேலதான் குத்தம்?"

"அதுக்குத்தான் நான் இருக்கேனே."

"வேண்டாம் மாஸ்டர்" என்றாள். "உங்க பேச்சுக்கு இருக்கிற மரியாதை போயிடும்."

"அது போய் மூணு நாள் ஆச்சு" என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு, அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மாஸ்டர் மனைவியைக் கேட்கவில்லை, மச்சானைக் கேட்கவில்லை. உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததை மனைவி வாங்கிப் படித்தாள். 'பெருமதிப்பிற்குரிய கூடத்து உறுப்பினர்களே' என்பதை மட்டும் அடித்துவிட்டு, "மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் ஒன்றைச் சரி என்று சொல்லி அவர் கேட்டது அன்றுதான்.

'இந்தக் கத்தரியைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரி தப்பு. எடுத்த எடுப்பிலேயே வெட்டும் என்றேன். என் கைக்கு அது உண்மை. இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் இடக்கைக் கத்தரி இருந்தது, உங்களிடம் இல்லை. உங்களுக்காகச் செய்யாத கத்தரியை, கட்டை விரலை உள்ளே இழுத்துப் பிடித்து நீங்கள் நேராக வெட்ட வைத்திருக்கிறீர்கள். அது லேசுப்பட்ட வித்தை இல்லை. எனக்கு அது வராது, இன்று முயன்று பார்த்தேன். இந்தக் கத்தரிக்கு அந்த வித்தை தேவையில்லை. கை அதை மறக்க ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். இதை நான் முதலிலேயே யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் அனுப்பலாம், கடையில் வாங்கிக்கொள்வார்கள். வெட்டிப் பழக நினைப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என் பட்டறையின் மேசை காலியாக இருக்கும்.'

கீழே பட்டறையின் விலாசம். பட்டறை மச்சானுடையது என்பதை எழுதவில்லை.

சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. பூக்கடைக்காரர் கத்தரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்; கமிஷன் மாஸ்டர் என்று இன்றுவரை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கறார் இரண்டு வரிதான் எழுதினார். 'கமிஷன் வாங்கவில்லை, நேரில் போய் விசாரித்துவிட்டேன். வேறு குற்றம் கண்ணில் பட்டால் சொல்கிறேன்.' கறார் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு யாரும் வாங்கியதில்லை. கடைக்காரப் பெண் அதைப் பத்துத் தடவை படித்ததாகக் கேள்வி. 'திருப்பி அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்த நாற்பதில் பாதிப் பேர் 'கொஞ்ச நாள் பார்க்கிறேன்' என்று மாற்றி எழுதினார்கள். ஹெட்போனை அவள் இன்னும் மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை யாரும் வரமாட்டார்கள் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். ஒன்பது மணிக்கு டீச்சர் வந்தார், பின்னாலேயே ஒரு பல் டாக்டர், புத்தகம் பைண்டிங் செய்கிற ஒருவர், கேக் டப்பா ஒட்டுகிற ஒரு பெண், பேரைச் சொல்லாத இரண்டு பேர். கடைசியாகக் கறார், இன்றைக்கும் முழுக்கைச் சட்டை. கடைக்காரப் பெண்ணும் வந்து ஓரமாக நின்றாள். பல் டாக்டர் மாமியாரைத் திட்டிக்கொண்டே வெட்டினார், டீச்சர் ஹெட்மாஸ்டரைத் திட்டிக்கொண்டே வெட்டினார். பேட்டர்ன் காகிதம் துண்டு துண்டாகத் தரையில் குவிந்தது.

மச்சான் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ளே இது? யாரைக் கேட்டு இத்தனை பேரை உள்ளே விட்டீங்க?"

"யாரையும் கேக்கலை மச்சான்."

மச்சான் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார். என்னதான் நடக்கிறது என்று பார்க்க மேசையில் டீச்சருக்கும் கறாருக்கும் நடுவில் புகுந்து, தானும் ஒரு கத்தரியை எடுத்து வலது கையால் ஒரு காகிதத்தை வெட்டப் பார்த்தார். காகிதம் மடங்கியது. அவருடைய வலது முழங்கை பக்கத்தில் இருந்த கறாரின் இடது முழங்கை மேல் போய்ப் போய் இடித்தது. அதுவரை தோளோடு தோள் உட்கார்ந்து வெட்டிய அந்த ஏழு பேரில் யார் மேலும் யாரும் இடிக்கவில்லை என்பதை எல்லாரும் அப்போதுதான் கவனித்தார்கள்.

"சார், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?" என்றார் கறார், தலையைத் தூக்காமல். "இடிக்குது."